மருந்துக்கு மசியாத ஈ

என் வாழ்நாளில் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் காரியம் ஒன்றுதான். அது ஈ வளர்த்தது. சிரிப்பவர்கள் சிரிக்கலாம். தூத்துக்குடியில் அன்று சிரிக்காத ஆளே இல்லை.

யுத்தம் முடிந்த மறு வருஷம் சுகாதார ஆபீஸில் எனக்கு மருந்தடிக்கும் மேஸ்திரி வேலை கிடைத்தது. இன்டர்மீடியட்டில் உயிரியல் படித்தவனுக்கு அது சின்ன வேலைதான். ஆனால் முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு கடற்கரையில் மீன் உலர்த்தும் கருவாட்டு வாடிகளுக்குள் நுழைந்தால் எனக்குக் கலெக்டர் மரியாதை. காரணம் டி.டி.டி. என்ற வெள்ளைப் பொடி. பட்டாளத்துக்கு வந்து மிஞ்சிய தகர டப்பாக்கள் எங்களுக்குக் கிடைத்திருந்தன. எங்கள் கடற்கரையில் ஈக்கு ஒரு காலத்தில் உத்தியோகமே இருந்தது. முத்துக்குளிப்பு நடந்த வருஷங்களில் சிப்பியைக் குவித்து அழுக விடுவார்கள். ஈயின் புழு சதையைத் தின்றுவிட்டு முத்தை விட்டு வைக்கும். கருவாட்டிலோ சதைதான் சரக்கு, அந்த வேலைக்கு இடமில்லை. பொடியைக் கரைத்து வாடிச் சுவரிலும் ஓலையிலும் அடித்தால், மத்தியானத்துக்குள் ஈ தரையில் கொட்டிக் கிடக்கும். பெண்கள் விளக்குமாறால் கூட்டி அள்ளுவார்கள்.

இரண்டு வருஷம் அப்படி நடந்தது. மூன்றாம் வருஷம் ஈ விழுவது குறைந்தது. அதற்கடுத்த கோடையில், நான் அடித்து முடிப்பதற்குள் பம்பின் மேலேயே வந்து உட்கார்ந்தது.

எங்கள் ஊரில் வெள்ளையாக எதைப் பார்த்தாலும் முதலில் உப்பு என்றுதான் தோன்றும். நான் பாதிப் பொடியை வெளியே விற்றுவிட்டு, உப்பளத்தில் அள்ளிக் கலந்துவிட்டேன் என்று பேச்சுக் கிளம்பியது. வாடிக்காரி ஒருத்தி மட்டும் நம்பவில்லை. புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு ஒற்றை ஆளாக வாடி நடத்தியவள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். எல்லோர் முன்னாலும் டப்பாவுக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்துவிட்டாள். நான் பதறித் தடுப்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

"உப்பு இல்ல. உப்பு எதுன்னு என் நாக்குக்குத் தெரியாதா? தம்பி மேல பழி போடுதவுக வேற ஏதாவது சொல்லுங்க" என்று துப்பினாள்.

சொன்னார்கள். "உப்பு இல்லேன்னா சுண்ணாம்பு" என்று எங்கள் சுகாதார அதிகாரி முடித்துவிட்டார். மதராஸ்காரர், கறாரானவர்; ஆனால் கெட்டவர் என்று இன்றும் சொல்லமாட்டேன். என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார். ஒரு மாதத்தில் ரிப்போர்ட் மேலே போகும். போனால் வேலை போவதோடு, திருடன் என்ற பெயரும் நிலைத்துவிடும்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வந்த கோபத்தில் வீட்டுக்குப் போகாமல், வாடிக்காரியின் வாடியில் உட்கார்ந்து ஈயையே முறைத்துக்கொண்டிருந்தேன். அது மருந்தடித்த சுவரில் சாவகாசமாகக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. பொடி அதே பொடி, அடித்தவன் அதே ஆள். மாறியது ஈயாக இருந்தால்?

மறுநாளே கொற்கைக்குப் போனேன். பாண்டியர் துறைமுகம் இருந்த இடம் இப்போது வயற்காடு. அங்கே மாட்டுத் தொழுவங்களில் ஈ உண்டு. மருந்து அடித்தவர் யாரும் இல்லை. மல் துணிப் பையில் ஈயைப் பிடித்துக்கொண்டு வந்தேன். மிட்டாய்க் கடை ஜாடி இரண்டு வாங்கி, அதிகாரியின் மேஜையில் வைத்தேன். புது டப்பாவின் முத்திரையை அவரே உடைக்கவேண்டும், ஜாடிக்குள் அவரே பூசவேண்டும் என்றேன். முகம் சுளித்தாலும் செய்தார். ஒன்றில் கொற்கை ஈயையும் இன்னொன்றில் வாடி ஈயையும் விட்டேன்.

ஒரு மணி நேரத்தில் கொற்கை ஈக்கள் மல்லாந்துவிட்டன. வாடி ஈக்கள் கண்ணாடியில் உலாத்திக்கொண்டிருந்தன.

அதிகாரி ஜாடிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பழகிப் போச்சு. கள்ளு குடிக்கிறவனுக்கு உடம்பு பழகற மாதிரி" என்றார்.

கொற்கை ஜாடியை அவர் பக்கம் தள்ளினேன். செத்த ஈக்களுக்கு நடுவே இரண்டு மட்டும் நடந்துகொண்டிருந்தன. "இந்த ரெண்டும் எங்கன போய்ப் பழகிச்சு அய்யா? பொடிய இன்னைக்குத்தான் பாக்கு. பழக்கம்னா அந்த ஈயோட போயிரும், பேரப்பிள்ளைக்கு வராது. ரிப்போர்ட் போற அன்னைக்கு ரெண்டு பக்கத்துப் பேரப்பிள்ளைகளையும் கொண்டுட்டு வாரேன்" என்றேன்.

புறவாசலில் வலைப்பெட்டி இரண்டு கட்டி, ஒன்றில் வாடி ஈயையும் மற்றதில் கொற்கை ஈயையும் விட்டு, இரண்டுக்கும் ஒரே சாணி, ஒரே கருப்பட்டித் தண்ணீர் வைத்தேன். பொடி வாசனைகூடப் படவில்லை. முனைக்கடை அண்ணாச்சி வேலைமெனக்கெட்டு வந்து பார்த்துவிட்டு, "வேல போனவன் ஈ ஓட்டுவான். நீ என்னலே வளக்க?" என்றார். தெருவே சிரித்தது. நான் புழுவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவதாக ஒரு பெட்டியும் வைத்தேன். அது என் சொந்த ஆசைக்கு. உயிர்கள் மாறுவது லட்சக்கணக்கான வருஷக் கதை, யாரும் கண்ணால் பார்க்க முடியாது என்று கல்லூரியில் சொல்லித் தந்திருந்தார்கள். நான் நாலே வருஷத்தில் பார்த்துவிட்டேனே. ஆனால் புது இனமா என்று தெரியவேண்டாமா? பொரிந்த அன்றே பிரித்தெடுத்த வாடிப் பெண் ஈக்களையும் கொற்கை ஆண் ஈக்களையும் அதில் சேர்த்து விட்டேன். ஜோடி சேர்ந்து முட்டையிட்டன, பிறந்தவையும் முட்டையிட்டன. அப்படியானால் இனம் ஒன்றுதான், பீற்றிக்கொள்ளக்கூடாது. பொடி அந்த மாற்றத்தை உண்டாக்கவில்லை. எங்கோ ஓரிரண்டு ஈயின் பிறவியிலேயே இருந்ததை, மற்றவற்றைக் கொன்று பெருகவிட்டது. இப்படி மாற்றத்தின்மேல் மாற்றம் சேர்ந்து, ஒன்றோடொன்று கூடவே முடியாத தூரத்துக்கு விலகினால் புது இனம். அந்த நீண்ட வழியின் முதல் அடியை என் புறவாசலில் பார்த்தேன். இன்று நினைத்தாலும் நெஞ்சு நிமிர்கிறது.

ரிப்போர்ட் போகவேண்டிய நாளில், பேரப்பிள்ளை ஈக்களோடு ஆபீஸுக்குப் போனேன். வாடிக்காரியும் வந்து வாசலில் நின்றாள். அதிகாரி மறுபடியும் தன் கையால் பொடி பூசினார். ஈயைக் கொல்வதற்குச் சம்பளம் வாங்கியவன், அந்த ஒரு மணி நேரமும் ஈ சாகக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். கொற்கைப் பேரன்கள் விழுந்தன. வாடிப் பேரன்கள் விழவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதிகாரி பழைய ரிப்போர்ட்டைக் கிழித்துப்போட்டுவிட்டுப் புதிதாக எழுதி வாசித்துக் காட்டினார். பொடியில் குறையில்லை, ஆளிலும் குறையில்லை, ஈயின் வம்சம் மாறிவிட்டது.

வாசலிலிருந்து குரல் வந்தது. "சந்தோசம் தம்பி. ஒனக்கு வேல கெடச்சிட்டு, பேரும் கெடச்சிட்டு. ஈக்கும் உசுரு கெடச்சிட்டு. என் மீனுக்கு என்ன வழி?"

அவள் பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள்.

மறுநாள் பம்பை ஆபீஸிலேயே விட்டுவிட்டு மண்வெட்டியோடு அவள் வாடிக்குப் போனேன். ஈ முட்டையிடும் மீன் குடலையெல்லாம் ஆழக் குழி தோண்டிப் புதைத்தோம். கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, இன்னொரு மண்வெட்டியோடு எனக்கு இணையாகத் தோண்டியவர், என்னைத் திருடன் என்று எழுத இருந்த அதிகாரி.