சித்தப்பாவின் தும்மலும் இரண்டு சிப்புகளும்

சித்தி பயப்படாத பொருள் உலகத்தில் இன்னும் தயாராகவில்லை. லிஃப்டில் ஏறமாட்டாள். பல்லிக்கு மரியாதையாக வழிவிடுவாள். பிழைப்பு மட்டும் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர், மின்சாரத்தோடு குடித்தனம்.

சித்தப்பா பட்டறையில் தகடு வெட்டுகிற சத்தத்திலேயே ஒரு காதைத் தொலைத்தவர். மறு காதில் கொஞ்சம் மிச்சம். இன்னொரு பெரிய சத்தம் பட்டால் அதுவும் போய்விடும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து சித்திக்குத் தூக்கம் இல்லை. எனக்கு வேறு கஷ்டம். முதுகுக்குப் பின்னால் காகிதப் பையை வெடிக்க வைத்தாலும் மனிதர் திரும்புவதில்லை. சித்தியை விட்டால் வீட்டில் ஏமாற வேறு ஆளே இல்லாமல் போய்விட்டது.

கடையில் வாங்கிய காதுக் கருவி கீச்சிட்டதே தவிர ஒரு பேச்சும் கேட்கவில்லை. அதனால் சித்தியே ஒன்று செய்ய உட்கார்ந்தாள். சட்டையில் குத்த ஒரு மைக், காதுக்கு இயர்போன், நடுவில் இரைச்சலைக் கழித்துப் பேச்சை மட்டும் தூக்கிவிடும் சிப். எந்தச் சிப் என்பதில்தான் வண்டி நின்றது. சின்னது முழு எண்ணில் கணக்குப் போடும். நாள் முழுக்க சார்ஜ் நிற்கும். பெரியது தசமத்தில் போடும். சுடும், மதியத்துக்குள் பேட்டரியைத் தின்றுவிடும்.

"சின்னதையே போடுடி. அந்தச் செங்கல்லைக் கழுத்துல கட்டிக்கிட்டுப் போனா, கிணத்துல குதிக்கப் போறேன்னு நாலு பேர் பிடிச்சு வச்சுப்பாங்க" என்றார் சித்தப்பா, தெருவுக்கே கேட்கிற மாதிரி.

சித்தியும் சின்னதைத்தான் தயார் செய்தாள். மைக்கை அவர் சட்டையில் குத்தினாள். இயர்போனை அவரே எடுத்துக் காதருகே கொண்டுபோனார்.

"இருங்க! முதல்ல ஸ்பீக்கர்ல பார்த்துடலாம்." கையைப் பிடித்துத் தடுத்து, ஒயரை மாற்றிச் செருகினாள்.

"பயந்தாங்கொள்ளி" என்று சிரித்தவர் மூக்கைச் சுளித்தார். தும்மினார். அவர் தும்மல் சாதாரணத் தும்மல் இல்லை.

ஸ்பீக்கர் கிழிந்தது போல ஒரு அலறல். நான் நாற்காலியோடு பின்னால் போனேன். சித்தி வெள்ளைத்தாளாக நின்றாள்.

பிறகு சித்தி விளக்கினாள். தராசு முள் கடைசிவரை சாய்ந்தபிறகும் பாரம் ஏற்றினால் அங்கேயே நிற்கவேண்டும். இங்கே தும்மலின் எண் சிப்பின் எல்லையைத் தாண்டி மறுகோடிக்குத் தாவிவிட்டதாம். எல்லையில் நில் என்கிற கட்டளையை ஒரு கூட்டலில் போட மறந்திருக்கிறாள்.

"போட்டுட்டா சரியாயிடுமே சித்தி?"

"இந்த இடம் தெரிஞ்சுபோச்சு. தெரியாத இடம் எத்தனைன்னு நீ சொல்லுவியா?"

சின்னப் பலகையைக் கழற்றி எடுத்தாள். பெரியதில் எண்கள் அப்படிக் குப்புற விழாதாம். அதற்கு எல்லாவற்றையும் மறுபடி எழுதினாள். முடிந்ததும் சித்தப்பா காதை நீட்டினார். அவள் இயர்போனைத் தன் காதில் செருகிக்கொண்டு மைக்கை என் வாயருகே பிடித்தாள்.

"கத்து."

"சித்தி, வேணாம். ஸ்பீக்கர்ல பார்த்துக்கலாம்."

"அதுவும் பார்ப்பேன். காதுல எப்படி விழுதுன்னு காதுக்குத்தானே தெரியும்? நல்ல காதுடா இது, ஒரு அடி தாங்கும். கத்து."

வம்புக்கென்றால் ஊரைக் கூட்டுகிற நான் ஒரு அடி பின்னால் போனேன். அவள் கண்ணை இறுக மூடியிருந்தாள். மைக் மட்டும் என் வாயைத் தேடி வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன்.

திறந்தபோது அவள் உதட்டைக் கடித்தபடி நின்றாள்.

"இன்னும் சத்தமா" என்றாள்.