என் டீக்கொட்டகையை மோந்து பார்த்த பெட்டி

துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் ஒரு டேங்க் யார்டு இருக்கிறது. கப்பலில் வருகிற தின்னர் மாதிரியான சரக்கைப் பெரிய டேங்குகளில் இறக்கி வைத்து, லாரியில் ஏற்றி அனுப்புவார்கள். நெருப்பைப் பார்த்தால் பாய்ந்து பிடித்துக்கொள்கிற சரக்கு. அந்த யார்டின் கேட்டுக்கு உள்ளே, டேங்குகளை விட்டு ரொம்பத் தள்ளி, மதிலை ஒட்டி என் டீக்கொட்டகை இருந்தது. ஷிப்ட் முடியாமல் யாரும் கேட்டைத் தாண்ட முடியாது. அதனால் என் டீ எப்படி இருந்தாலும் குடித்தே ஆக வேண்டும். இப்படி ஒரு வியாபாரம் எந்த ராணிக்குக் கிடைக்கும்?

அதில் மண் விழுந்தது ஒரு பெட்டியால். சென்னையிலிருந்து ஒரு பெண் வந்து யார்டு முழுக்கச் சின்னச் சின்னப் பெட்டிகளைக் கம்பத்தில் மாட்டினாள். ஒன்று என் கொட்டகைக்குப் பக்கத்துக் கம்பத்தில். ஒயர் எதையும் காணோம்.

"ஏளா, இதுக்குக் கரண்டு எங்கருந்து வரும்?" என்று கேட்டேன்.

"உள்ளேயே பேட்டரி இருக்கு பாட்டி. காத்துல எரியிற வாயு கலந்திருந்தா இது கண்டுபிடிச்சு, ஒயர் இல்லாமலே ஆபீஸ் ஸ்க்ரீனுக்குச் சொல்லிடும்."

"மூக்கு எங்கன இருக்கு?"

பெட்டிக்கு அடியில் வட்டமாக ஒரு சல்லடை மூடியைக் காட்டினாள். "இதான் மூக்கு."

"இந்த மூக்க வச்சிக்கிட்டா? எங்க மதினி மூக்குக்கு முன்னால இது நிக்குமா? அடுத்த தெருவுல கருவாடு வறுத்தா, என்ன மீனுன்னு சொல்லிருவா."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். கொஞ்ச நாளில் அந்தப் பெட்டி அலறியது. சிவப்பு விளக்கு சுற்ற, எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டுக் கேட்டுப் பக்கம் ஓடினார்கள். நான் மட்டும் பால் பொங்குகிறதே என்று நின்றுவிட்டேன். திட்டு விழுந்தது.

யார்டு மேனேஜர் நாசரேத் பக்கத்துக்காரர், வாத்தியார் வீட்டுப் பிள்ளை. பேசினால் கரும்பலகையில் எழுதுவது போல நிறுத்தி நிறுத்திப் பேசுவார். நேரே என் கேஸ் சிலிண்டரிடம் வந்து நின்றார். ஃபிட்டரைக் கூப்பிட்டார். இந்த ஃபிட்டர் ஆழ்வார்திருநகரிப் பக்கம் வயல்காட்டுக்காரன், நெற்றியில் திருநீறு இல்லாமல் ஸ்பேனரைத் தொட மாட்டான். அவன் சோப்புத் தண்ணீரை டியூபில் தடவிப் பார்த்தான். கசிந்தால் நுரை முட்டையிடுமாம், ஒரு குமிழி கூட வரவில்லை. ஆனாலும் டியூபை மாற்றினார்கள், ரெகுலேட்டரை மாற்றினார்கள். பெட்டி மறுபடியும் கத்தியது. காற்று நன்றாக வீசுகிறபோது சும்மா இருக்கும். காற்று விழுந்துவிட்டால் ஆரம்பித்துவிடும்.

"ஆச்சி, அந்தப் பெட்டிக்குப் பக்கத்துல எரியிற வாயு உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு" என்றார் மேனேஜர்.

"என் வயித்துல இருக்கதையும் சேத்துச் சொல்லுதியளா சார்?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவ கத்துச்சின்னா கொட்டகைய வெளிய போட்டுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெளியே போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ரோட்டில் ஏற்கெனவே டீக்கடைகள் வரிசையாக நிற்கின்றன. என் ஆட்களெல்லாம் உள்ளே. அன்றிலிருந்து நானே மோப்பம் பிடிக்க ஆரம்பித்தேன். சிலிண்டரை மோந்தேன், அடுப்பை மோந்தேன். மோந்து மோந்து, கடைசியில் இஞ்சி நசுக்கினால் கூட கேஸ் வாடை அடிப்பது போல இருந்தது.

"ஏலே, உண்மையச் சொல்லு. நாந்தானா?" என்று ஃபிட்டரைக் கேட்டேன்.

"ஆச்சி, சோப்புத் தண்ணி இல்லங்குது. பெட்டி இருக்குங்குது. நான் யார நம்ப?"

இதற்குள் ஆயுத பூஜை வந்தது. பம்பு, எடை மேடை, ஏணி என்று எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்தார்கள். மேனேஜர் கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமை போகிறவர். பூஜையில் ஒதுங்கி நின்றார், பொரி கொடுக்கும்போது மட்டும் முன்னால் வந்தார். ஃபிட்டர் சந்தனக் கிண்ணத்தோடு என் கம்பத்துக்கு வந்தான்.

"இதும் ஆயுதந்தான ஆச்சி. அதான் கோவமா இருக்கு போல."

ஸ்டூலில் ஏறினான். மேலே விளக்கு, முன்னால் வாயு எவ்வளவு என்று எண் காட்டுகிற கண்ணாடி. அவற்றை மறைக்கக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். அடியில் இருக்கிற சல்லடைதான் பார்க்க வட்டமாக, பொட்டு வைக்கவே செய்தது மாதிரி இருந்தது. சந்தனத்தைக் கனமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தான்.

"நல்லா அப்புலே, அப்பவாச்சும் சத்தமில்லாம கெடக்கட்டும்" என்றேன்.

அப்படியே கிடந்தது! காற்று விழுந்தது, பெட்டி மூச்சுவிடவில்லை. மறுநாளும் இல்லை, அதற்கடுத்த வாரமும் இல்லை. அம்மன் கண் திறந்துவிட்டாள் என்றான் ஃபிட்டர். மேனேஜர் தான் ஜெபம் பண்ணினதாகச் சொன்னார். யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் இரண்டு பேர் டீயிலும் இஞ்சியைக் கூடப் போட்டேன்.

பிறகு அந்தச் சென்னைப் பெண் சோதனைக்கு வந்தாள். கையில் சின்ன உருளை. அதிலிருந்து கொஞ்சம் வாயுவைப் பெட்டிக்குக் காட்டுவாள், பெட்டி கத்த வேண்டும். மற்றவையெல்லாம் கத்தின. என் பெட்டி கத்தவில்லை. மறுபடி காட்டினாள். ஊஹூம். குனிந்து அடியில் பார்த்தாள்.

"என்னது இது?"

"சந்தனம் மேடம்" என்றான் ஃபிட்டர். "பூஜைக்கு வச்சது."

அவள் என் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணே, காஞ்சு அடைச்சுப் போச்சு. இத்தனை நாளா வாயு வந்திருந்தாலும் இதுக்குத் தெரிஞ்சிருக்காது."

நான் அந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில்தான் இத்தனை நாளும் அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தேன். நல்லா அப்பச் சொன்னதும் நான்தான்.

அவள் அதைக் கழற்றிவிட்டுப் புது மூக்கு மாட்டினாள். மத்தியானம் காற்று விழுந்தது, பெட்டி அலறியது. மேனேஜர் என்னைப் பார்த்தார்.

"அடுப்ப அணைச்சு சிலிண்டரை கேட்டுக்கு வெளியே கொண்டு போங்க" என்றாள் அவள். ஃபிட்டர் உருட்டிக்கொண்டு போனான். கொட்டகையில் வாயு என்று பேருக்குக் கூட ஒன்றுமில்லை. பெட்டியில் எண் ஏறிக்கொண்டே போனது.

அவள் கையில் பிடிக்கிற இன்னொரு பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தாள். என் கொட்டகைக்குப் பின்னால், டேங்குக்குச் சரக்கு போகிற பைப் வாய்க்கால் சிமெண்டுப் பலகை மூடி, யார் நினைவிலும் இல்லாமல் கிடந்தது. ஓர் இடத்தில் கைப்பெட்டி கத்தியது. பலகையைத் தூக்கினார்கள். உள்ளே பைப்பும் பைப்பும் சேருகிற இடத்தில் போல்ட்டை உப்புக்காற்று அரித்து, சரக்கு வேர்வை மாதிரி கசிந்துகொண்டிருந்தது. காற்று வீசினால் அடித்துக்கொண்டு போய்விடுமாம். காற்று நின்றால் தரையோடு தவழ்ந்து என்னிடம் வருமாம்.

மேனேஜர் என்னிடம் வந்தார். "ஆச்சி, உங்க மேல தப்பு இல்ல."

"அதத்தான நானும் சொன்னேன்! அப்ப கொட்டகைய இங்கனயே வச்சிக்கிடட்டா?"

"இல்ல, கொட்டகைய எடுத்துரணும்."

"தப்பு இருந்தாலும் எடுக்கணுங்கிய, இல்லன்னாலும் எடுக்கணுங்கிய. நான் என்ன செஞ்சா சார் இங்கன இருக்கலாம்?"

அந்தப் பெண்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பாட்டி, வாயு உங்களோடது இல்ல. ஆனா நெருப்பு உங்களோடது."

ஊரில் யாரிடமும் வாய் தோற்காத நான், அந்தச் சின்னப் பெண்ணிடம் தோற்றேன்.

ஃபிட்டர் மேனேஜர் பின்னாலேயே போனான். "சார், நான் அப்புன சந்தனத்துக்கு ஆச்சி பொழப்பக் கெடுத்துராதிய." என்ன பேசினார்களோ தெரியாது. முடிவு இதுதான்: அடுப்பு கேட்டுக்கு வெளியே, டீ மட்டும் பெரிய கேனில் உள்ளே. எனக்கு ஒரு பாஸ், தலையில் ஒரு மஞ்சள் தொப்பி. போல்ட்டை மாற்றிவிட்டார்கள். உள்ளே என் பழைய ஆட்கள் குடிக்கிறார்கள், வெளியே லாரி டிரைவர்களும் குடிக்கிறார்கள். இது ஜெயித்த கணக்கா தோற்ற கணக்கா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

முதல் நாள் மேனேஜர் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆறிப்போச்சே ஆச்சி" என்றார்.

"சூடா வேணும்னா வெளிய வாங்க சார். ஒங்களக் கேட்டுல யாரு மறிப்பா?"

மறுநாள் வந்தார். டிரைவர்களுக்கு நடுவில், கொதிக்கிற தம்ளரை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.