வல்லத்திராக்கோட்டைச் சாலையில் ஆம்புலன்ஸுக்காக

மணமேல்குடிக்குப் போகும் வழியில், வல்லத்திராக்கோட்டை அருகே சாலையோரக் கூட்டத்தைப் பார்த்து பைக்கை நிறுத்துகிறேன். களையெடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவை நல்லபாம்பு கடித்திருக்கிறது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று. லீவில் வந்திருக்கும் மகன் அவர் கையைப் பிடித்தபடி சாலையையே பார்க்கிறார்.

"எங்க வேலை பாக்குறீங்க?" என்று பேச்சுக் கொடுக்கிறேன்.

"டென்மார்க்குங்க. சம்பளத்துல பாதிக்குப் பக்கமா வரியிலயே போயிரும். தம்பி குவைத்துல இருக்கான். அங்க சம்பளத்துக்கு வரியே இல்ல. அவனப் பாத்து வயிறெரிஞ்சிருக்கேன்." மறுபடி சாலையைப் பார்க்கிறார். "ஆனா டென்மார்க்குல ஆம்புலன்ஸ் வருமான்னு ஒருநாளும் பயந்ததில்லைங்க. இங்கிட்டு வந்துருமா?"

"வந்துரும்" என்கிறேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

அம்மாவின் இமைகள் சரியத் தொடங்குகின்றன. "தூங்காதம்மா, என்னையப் பாரு" என்று மகன் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்.

ஒருவழியாக சைரன் கேட்கிறது. வண்டியில் வந்த பெண் அம்மாவுக்கு ஆக்ஸிஜன் மாட்டுகிறார். புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து இருக்கிறதாம். அம்மாவின் கையை விடாமல் மகனால் படியேற முடியவில்லை. நான் தோளைத் தாங்கி ஏற்றிவிடுகிறேன்.

"அம்மா மூச்சு விடுறாங்களா?" என்று கேட்கிறார்.

"விடுறாங்க. நீங்களும் கொஞ்சம் மூச்ச விடுங்க" என்றபடி அந்தப் பெண் கதவைச் சாத்துகிறார்.