வாக்கர் ஆவதற்கு முன் அந்தப் பையனின் பெயர்

எங்கள் அப்பா இறைவனடி சேர்ந்து இந்த மாதத்துடன் ஓராண்டு நிறைவுறுகிறது. நினைவு மலருக்கு அவருடைய வாழ்க்கையை நான்தான் எழுத வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். அப்பா பிறந்தது யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில். ஆனால் அவரைக் கேட்டிருந்தால் இங்கிலாந்தின் வடக்கே, ஈரக் கம்பளித் துணியைக் காலால் மிதித்து இறுக்கிய தொழிலாளரிடமிருந்துதான் கதையைத் தொடங்கியிருப்பார்.

எங்கள் குடும்பப் பெயரான வாக்கர், அவர்களுக்குத் தொழிலால் வந்த பெயர். இதை அப்பா எங்கள் வீட்டுக்கு வந்த எல்லோருக்கும், அவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும், சொல்லியிருக்கிறார். "அவையள் துணி மிதிச்சவை, நான் கோப்பை கழுவினனான். ரெண்டும் தண்ணிக்குள்ளை நிக்கிற வேலைதான்" என்று சிரிப்பார்.

அந்தப் பெயர் எங்களுக்கு வந்த வழி பலருக்குத் தெரியாது. அந்தக் காலத்து மிஷன் விடுதிப் பள்ளிகளில், கடல் கடந்த ஒரு குடும்பம் ஒரு பிள்ளையின் படிப்பைப் பொறுப்பேற்றால், அக்குடும்பத்தின் பெயரையே பிள்ளைக்குச் சூட்டும் வழக்கம் இருந்தது. அப்பாவின் பூட்டனார் ஏழெட்டு வயதில் விடுதிக்குள் போனார். வாக்கராக வெளியே வந்தார். அவருடைய பழைய பெயரை வீட்டில் யாரும் சொல்லி வைக்கவில்லை.

அப்பாவுக்கும் அது வெகுகாலம் பெரிதாகப் படவில்லை. கலவரத்துக்குப் பின் கிழக்கு பெர்லின் வழியாக இங்கே வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தபோது, விசாரித்த அதிகாரி இது உன்னுடைய பெயர்தானா என்று மூன்று தடவை கேட்டாராம். மூன்று தடவையும் ஓம் என்றிருக்கிறார். வெளியே வந்த பிறகுதான் அந்தக் கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது.

இந்த எசன் நகரில் உணவகச் சமையலறையில் நின்றே அப்பாவின் கால் நரம்புகள் சுருண்டன. ஓய்வு நாளில் புதிதாக வந்தவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பார். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று அவர்கள் விழிக்கும்போது, "உங்களுக்குத் தகப்பன்ர பேர் தெரியுந்தானே, எழுதுங்கோ" என்பார். அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பொறாமை இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

ஓய்வு பெற்றதும் தேடத் தொடங்கினார். தமிழ் மிஷன் கடதாசிகள் லைப்சிக்கில் இருக்கின்றன என்று யாரோ சொல்ல, என்னையும் இழுத்துக்கொண்டு ரயிலேறினார். அங்கே இருந்தவை தமிழ்நாட்டுச் சபைகளுடையவை. அப்பா எழுதிக் கேட்டதில், இங்கிலாந்தில் அந்த வாக்கர் குடும்பத்தின் தேவாலயத்தார் மட்டும் தடித்த பொதி ஒன்றை அனுப்பினார்கள். எந்த வாக்கர் யாரை மணந்தார், எவர் ஊர் மாறினார், யார் கப்பலேறினார் என்று நூற்றாண்டுக் கணக்கில் எல்லாம் இருந்தது. நம்முடைய பையனைப் பற்றி ஒரே வரி: யாழ்ப்பாணத்து வாக்கர் நலமாக இருக்கிறான். பள்ளியின் பழைய பதிவேடோ போரில் தொலைந்துவிட்டது. முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் அத்தனை பேரும் எங்கள் மேசையில் இருந்தார்கள், எங்கள் ஆள் ஒருவர்தான் இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்பா அந்த வரியைத் தடவிக்கொண்டிருந்தார்.

பிறகு ஈரலில் புற்றுநோய் என்றார்கள். அறுவைச் சிகிச்சைக்குக் காலம் கடந்துவிட்டது. மருத்துவர் சொன்னதை நான் தமிழில் மாற்றிச் சொன்னேன்; அவ்வளவுதான் என்னால் செய்ய முடிந்தது. அப்பா நோயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நான் மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் ஒன்றைத்தான் கேட்டார்.

"பேர் கிடைச்சதோ, பிள்ளை?"

இல்லை என்று எத்தனை நாள் சொல்வது? ஒரு மாலை, "ஓம் அப்பா, கடிதம் வந்தது. கந்தையா" என்றேன்.

அன்று காலை தமிழ்க் கடையில் எனக்கு மரக்கறி நிறுத்துத் தந்த முதியவரின் பெயர் அது. வேறொன்றும் வாயில் வரவில்லை.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். "தகப்பன்ர பேர்?"

"அது எழுதேல்லை, அப்பா."

"பரவாயில்லை. உனக்குத்தான் நல்ல அலைச்சல்" என்று என் கையைப் பிடித்தார். பிறகு கைபேசியைக் கேட்டு வாங்கி, கொலோனில் இருக்கும் தம்பியை அழைத்தார். தம்பிக்கு மகன் பிறந்து மூன்று நாள். பெயர் பதிய இன்னும் நாள் இருந்தது. கந்தையா என்றே வைக்கச் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். கைபேசியைப் பறித்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் அதைச் செய்யவில்லை. அடுத்த வாரம் அப்பா உறக்கத்திலேயே போய்விட்டார்.

அப்பாவைத் தூக்கித் திருப்பிப் படுக்கவைத்த தாதியருக்கும், முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்த எசன் குடும்பங்களுக்கும், செபித்த போதகருக்கும், தூர தேசங்களிலிருந்து பறந்து வந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தப் பொதியை அனுப்பிய முகம் தெரியாத ஆங்கிலேயருக்கும் நன்றி. யாருடைய வீட்டிலாவது பழைய வேதப்புத்தகத்தின் உள்பக்கத்தில் அந்தப் பையனின் பெயர் எழுதியிருந்தால் தயவுசெய்து அறியத் தாருங்கள்.

தம்பி, இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஒரு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் சொல்லத்தான் கொலோனுக்கு வந்தேன். போன ஞாயிறு நீ சமையலறையில் நின்றாய். பிள்ளை எனக்கு முதுகு காட்டி விளையாடிக்கொண்டிருந்தான். கந்தையா என்று மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தேன். உடனே திரும்பி, கையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.