சித்தப்பா வெட்டிய வரப்பு

கருப்பரைக் கும்பிடுகிற சொந்தங்களே, போன மார்கழியில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் எங்கள் ஊர். கண்மாயை நம்பித்தான் விவசாயம். நெல் கதிர் வாங்கும் நேரத்தில் கண்மாய் வற்ற ஆரம்பித்தது. ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். என் முறை முடிந்த நான்காம் நாளே வயல் வெடித்துவிட்டது. அடுத்த முறை வரும்வரை பயிர் தாங்காது, எல்லாம் பதராகிவிடும். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வருஷம் முழுக்க எதைச் சாப்பிடுவது?

என் வயலுக்கு மேல்வயல் சித்தப்பாவுடையது. அம்மாவை அடுத்து அய்யாவும் இறந்தபோது எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு ஆறு. எங்களை வளர்த்துப் படிக்கவைத்து, தங்கையைக் கட்டிக்கொடுத்தது சித்தப்பாவும் சின்னம்மாவும்தான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த நன்றி எனக்கு இருந்ததா? இல்லை. நிலம் பிரித்தபோது, தண்ணீர் முதலில் பாயும் மேல்வயலை அவர் வைத்துக்கொண்டார். அன்று பிடித்த சந்தேகம். மீன்குழம்பு கொடுத்து அனுப்பினால்கூட, இப்போது எதற்கு அடிபோடுகிறார் என்று யோசிப்பேன்.

கோயிலில் போய் அழுதேன். அழுதேனா மிரட்டினேனா என்றே தெரியவில்லை. "தண்ணியக் குடு சாமி. குடுக்கலேன்னா இனிமே இங்கன வரமாட்டேன்" என்றேன். இரண்டு நாள் வானத்தையே பார்த்தேன். ஒரு மேகம் இல்லை. சாமியும் சித்தப்பா பக்கம்தான் போல என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் வயலுக்குப் போனால், இரண்டு வயலுக்கும் நடுவிலிருக்கும் வரப்பு வெட்டிக் கிடந்தது. பக்கத்தில் சித்தப்பாவின் மண்வெட்டி. இருந்த ஈரத்தையும் வடித்துக்கொண்டார் என்று எனக்குச் சுரீரென்று ஏறியது. இறங்கிப் பார்க்கவில்லை. கண்மாய் மடை திறக்கும் முனியாண்டி அண்ணனிடம் போய்க் கத்தினேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஏப்பா, கீழ்வயல் தண்ணி மேல்வயலுக்கு எப்புடிப்பா ஏறும்? நேத்து அவரு முறை. தன் வயல்ல நிறுத்தாம ஒனக்கு வெட்டிவிட்டுட்டாரு. போயிப் பயிர வெலக்கிப் பாரு."

விலக்கிப் பார்த்தேன். கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. பிறந்ததிலிருந்து வயலில் கிடக்கிறவனுக்கு இந்தப் புத்திகூட இல்லை.

அப்போதும் இதில் என்ன உள்குத்து என்றுதான் மனசு தேடியது. நேரே வீட்டுக்குப் போய்க் கேட்டேன். சின்னம்மாதான் சொன்னார். "நாங்க ரெண்டு சீவன், எம்புட்டுத் திம்போம்? ஒனக்குப் புள்ளைக இருக்குல்ல."

என் பயிர் பிழைத்தது. அவர் வயலில் பாதி பதர்.

தையில் முதல் கதிர்க்கட்டைக் கருப்பருக்கு வைத்தேன். அடுத்த கட்டைச் சித்தப்பா வாசலில் இறக்கி, அவர் காலில் விழுந்தேன். அவர் இரண்டடி பின்னால் போனார். "ஏலே, எந்தப் பத்திரத்துல கையெழுத்து வேணும்? சொல்லிரு" என்றார்.

"ஒண்ணும் வேணாம் சித்தப்பா."

அவர் நம்பவில்லை. எப்படி நம்புவார்? இத்தனை வருஷம் நான் நடந்துகொண்ட லட்சணம் அப்படி. அந்த வருஷத்துக்கு அவர்கள் வீட்டு நெல் என் களத்திலிருந்துதான் போனது. மூட்டையை இறக்கும்போதெல்லாம் ஓரக்கண்ணால் பார்ப்பார். அதற்கும் கருப்பரிடம்தான் போய் நின்றேன். போன வாரம்தான் என் வீட்டில் கை நனைத்தார். மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

நீங்களும் கருப்பரிடம் கேளுங்கள், கொடுப்பார். உங்களை வளர்த்தவர் யாராவது இன்னும் உயிரோடு இருந்தால், கோயிலுக்குக் கிளம்பும் முன் அவர் வீட்டுக்கு ஒரு எட்டுப் போய்விட்டு வாருங்கள்.