நைனாவுக்கு நடந்த அடக்க ஆராதனை

இன்று பழவேற்காடு பஸ்ஸில், சர்ச்சுக்கு வரும் அக்கா ஒருவர், "ஞாயித்துக்கெழம மூச்சு தியானம் வெச்சிக்கீறாங்க, வந்துடு" என்றார். மறுத்துவிட்டேன்.

எண்பதுகளில் எங்கள் நைனா, அதாவது அப்பா, மீன் பிடிக்கக் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அவருக்கான ஆராதனையில், புதிதாக வந்திருந்த இளம் ஐயர் (போதகரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) ஜெபப்புத்தகத்தைத் திறக்கவேயில்லை. "கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கள். உள்ளே ஒளி தெரியும்" என்றார்.

அம்மா எழுந்து நின்றாள்.

"ஐயரே, கண்ண மூடினா அவரு முழுகறதுதான் தெரியுது. புஸ்தகத்துல இருக்கறத படிங்க."

ஐயர் புத்தகத்தை எடுத்துப் படித்தார். 'மண்ணுக்கு மண்' என்ற இடம் வந்ததும் அவர் குரல் நின்றுவிட்டது. மண் போடக் குழி இல்லை. அம்மா அப்போதுதான் அழுதாள்.

கடலில் போய் உடலும் கிடைக்காதவருக்கு எங்கள் பழைய புத்தகத்திலும் ஒரு வரி இல்லை. உங்கள் சர்ச்சில் இருந்தால் சொல்லுங்கள்.