பொரி தின்ற துறுதுறுக்கள்

ஜெபாவுக்கு ஓர் இடத்தில் உட்காரவே வராது. படித்த காலத்தில் வகுப்புக்கு வெளியே நின்ற நேரம்தான் அதிகம். செருப்புக் கம்பெனியில் பத்தாம் நாளே சூப்பர்வைசர் கையெடுத்துக் கும்பிட்டார். "இன்னாம்மா, சும்மா சும்மா எந்திரிச்சுப் போய்க்கினே கீற? ஊட்டுக்கே போயிடு." முப்பத்தெட்டு வயதில்தான் அவள் காலுக்கு ஏற்ற வேலை அமைந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் ஆராய்ச்சிக் கூடம். எலிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நாளெல்லாம் கூண்டுக்குக் கூண்டு நடைதான்.

அங்கே எலிகள் இரண்டு வகை. ஒன்று சாது, மற்றது ஓயாத துறுதுறு. கவனம் நிலைக்காமல் அலைபாயும் பிள்ளைகளின் சிக்கலைப் புரிந்துகொள்ளத்தான் இந்தத் துறுதுறுக்கள் என்று டாக்டர் நர்மதா விளக்கியதும் ஜெபாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அப்போ இதுங்கல்லாம் நம்ம ஆளுங்க மேடம்!"

சோதனை இதுதான்: விளக்கு எரியும்வரை பொறுத்திருந்து விசையை அழுத்தினால் ஓர் உருண்டைத் தீனி. அவசரப்பட்டால் ஒன்றும் கிடையாது. சாது காத்திருக்கும், துறுதுறு முந்தும். பசித்தால்தான் எலி விசைப்பக்கம் போகும் என்பதால் காலையில் சோதனை முடியும்வரை தீனி போடக் கூடாது.

வினை அங்கேதான் வந்தது. பசியோடு பார்க்கிற வாய்க்குக் கொடுக்காமல் தின்னும் பழக்கம் ஜெபா வீட்டில் கிடையாது. தான் நாஷ்டா முடித்துவிட்டுப் பட்டினி எலிகளின் முகத்தில் விழிக்க அவளுக்குக் கூசியது. கோட்டுப் பையில் பொரி கொண்டுவந்து, 'நம்ம ஆளுங்களுக்கு' மட்டும் தினமும் அள்ளிப் போட்டாள்.

ஒரு வாரத்தில் நர்மதா தலையில் கைவைத்துக்கொண்டார். துறுதுறுக்கள் பன்னிரண்டும் கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு எழுந்தவர்கள் மாதிரி சாய்ந்து கிடந்தன. விசையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இந்த எலிங்க உதவாது ஜெபா. திங்கக்கிழமை முடிச்சிட்டு வேற வாங்கிடலாம்."

முடிப்பது என்றால் என்னவென்று ஜெபாவுக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் வேலை போகும். அப்புறம் எந்தக் கம்பெனி அவளை நடக்க விடும்? சொல்லாவிட்டால் பன்னிரண்டு உயிர்.

"அதுங்க மேல தப்பில்ல மேடம். நான்தான் காலைல பொரி போட்டுக்கினு இருந்தேன். மூஞ்சியே பாத்துக்கினு இருந்துச்சுங்களா, மனசு கேக்கல."

நர்மதா முறைத்தார். மூச்சை இழுத்துவிட்டார். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

"ஒரு வார வேலை குப்பைக்குப் போச்சு! நீங்க சொல்லலைன்னா மொத்தமும் பொய்யா எழுதியிருப்பேன். இனிமே போடுவீங்களா?"

"சத்தியமா மாட்டேன். ஆனா அதுங்க துன்ற வரைக்கும் நானும் துன்ன மாட்டேன் மேடம்."

திங்கட்கிழமை மறுபடியும் சோதனை. எலிகளும் பட்டினி, ஜெபாவும் பட்டினி. முதல் துறுதுறு விளக்கு எரியும் முன்பே ஏழு தடவை விசையை அடித்துத் தோற்றது. கண்ணாடிக்கு வெளியே ஜெபா, "நம்ம ஆளு மேடம்!" என்று கைதட்டிக் குதித்தாள்.

பதினொரு மணிக்குச் சோதனை முடிந்ததும் எல்லாக் கூண்டுக்கும் தீனி போட்டுவிட்டு, உடை மாற்றும் அறைக்குப் போய் டிபன் பாக்ஸைத் திறந்தாள். நர்மதா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். ஜெபா அதைச் சுற்றிச் சுற்றி நடந்தபடியே இட்லியைத் தின்று முடித்தாள்.